ஒரு சாண் அக்கா

கம்பளி நூல் கடையில் அவளுக்கு ‘ஒரு சாண் அக்கா’ என்றுதான் பெயர். புதிதாகக் கற்பவர் வந்தாலும் சரி, பின்னிப் பின்னிக் கை தேர்ந்தவர் வந்தாலும் சரி, நூலைக் கொடுக்கும் முன் அவள் சொல்வது ஒன்றே. “முதல்ல ஒரு சாண் பின்னிப் பாருங்க. கை இறுக்கமா தளர்வான்னு தெரியாம முழு உருப்படியில இறங்காதீங்க.” புதியவர்கள் கறுப்பு நூல் கேட்டால் கண்ணிலேயே காட்டமாட்டாள். “கறுப்புல கண்ணி எங்க இருக்குன்னே தெரியாது. வெளிர் நிறம், தடிச்ச நூல். என் பேச்சைக் கேளுங்க.” கண்ணி நழுவிவிட்டது என்று அலறிக்கொண்டு வருபவர்களிடம், “பதறாத காரியம் சிதறாது” என்று சொல்லியபடியே கொக்கி ஊசியால் அதை வரிசை வரிசையாக மேலே ஏற்றிக் கொடுத்துவிடுவாள். அவள் சொல்லித் தப்பாகப் போனதாகச் சரித்திரமே இல்லை.

அவளுடைய நாத்தனாரும் நன்றாகப் பின்னுவாள். நாத்தனாரின் மகளுக்கு மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை பயணம். அவளுக்கென்று பின்னிய ஸ்வெட்டரில் ஒரு கை மட்டும் பாக்கி இருக்கையில், நாத்தனார் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அவள் கைக்குக் கட்டுப் போட்டதும் ஸ்வெட்டருக்கும் கை இல்லாமல் போயிற்று.

“முதல் முதலா வீட்டை விட்டுப் போறா அண்ணி. நான் பின்னினதைப் போட்டுக்கிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டேன்” என்று நாத்தனார் அழுதாள்.

“அழாதடி. ஒரு கைதானே? புதன்கிழமை முடிச்சுத் தரேன்.”

ஒரு சாணாவது, மண்ணாவது! இத்தனை வருடம் பழகிய கைக்குச் சோதனை எதற்கு என்று, கடையில் ஆள் வராத நேரமெல்லாம் பின்னித் தள்ளினாள். புதன்கிழமை நாத்தனார் வீட்டில் அந்தப் பெண் கையை நுழைத்தாள். முழங்கையோடு சிக்கிக்கொண்டது. நாத்தனாருக்குத் தளர்ந்த கை, இவளுக்கு இறுகிய கை.

“ஊருக்குத்தான் உபதேசமா அண்ணி?” என்றாள் நாத்தனார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாடிப்போகிற ஆளா அவள்? “யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கின யானை அங்கேயே படுத்துக்குமா?” என்று அங்கேயே அந்தக் கை முழுவதையும் பிரித்தாள். தடித்த ஊசியால் ஒரு சாண் பின்னிப் பார்த்தாள். அகலம் சரியாக வந்தது, பின்னலோ சல்லடை.

“ஊசியை மாத்தாதீங்க, இடத்தை மாத்துங்க. கடையில ஒரு கண்ணு வாசல்ல, ஒரு கண்ணு கல்லாவுல. கை எப்படித் தளரும்? இங்க என் பக்கத்துல உட்கார்ந்து பின்னுங்க” என்றாள் நாத்தனார்.

கட்டிலில் உட்கார்ந்தாள், பழைய ஊசியோடு. பேச்சு எப்படியோ நாத்தனாரின் அண்ணனிடம், அதாவது இவள் கணவரிடம் போயிற்று. ஒழுகுகிற குழாயைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பிச் சமையலறையையே அவர் குளமாக்கிய கதையைச் சொல்லிச் சிரித்ததில் ஒரு சாண் முடிந்திருந்தது. நாத்தனார் பின்னிய கைமேல் வைத்துப் பார்த்தார்கள். அச்சு அசல்.

“அப்போ முழுக்கையையும் உங்க அண்ணனைத் திட்டிக்கிட்டேதான் பின்னணும் போல.”

“விஷயத்துக்கா பஞ்சம்!”

கடை முடிந்ததும் தினமும் அங்கேயே போய் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு நாள், இன்னும் காணோமே என்று கணவரே தேடி வந்துவிட்டார். இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேப்பர் படித்தார்; அவள் உம்மென்று பின்னினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்வெட்டர் அந்தப் பெண்ணின் உடம்பில் கச்சிதமாக உட்கார்ந்தது. எந்தக் கை யார் பின்னியது என்று தெரியவில்லை. கையை மடக்கிப் பார்த்தவள், “முழங்கைகிட்ட மட்டும் ஒரு சுற்று இறுக்கமா இருக்கே அத்தை?” என்றாள்.

நாத்தனார் தடவிப் பார்த்துவிட்டு, “உங்க மாமா வந்து உட்கார்ந்த இடம்டி அது” என்றாள். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

“நான் என்ன பண்ணினேன்?” என்றார் மாமா, பெட்டியைத் தூக்கியபடி.

“கொஞ்சம் பொறு, அதைப் பிரிச்சு...” என்று அவள் ஊசியைத் தேடினாள்.

“வேண்டாம் அத்தை” என்று அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். “இருக்கட்டும். அங்க எனக்கு யாரையும் தெரியாது. மாமா கையைப் பிடிச்சுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கும்.”