‘உளமார’ என்று சொன்ன அம்மா

காலை பத்து மணி இருபது நிமிடம். நகராட்சிக் கூட்ட அரங்கின் வாசலில் நின்ற எனக்கு முதலில் தெரிந்தது, ஒலிவாங்கித் தண்டைப் பிடித்திருந்த அம்மாவின் வலக்கை. விரலிடுக்கில் பட்டின் சாயம் இன்னும் போகாமல் சிவந்திருந்தது. பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட எங்கள் வார்டில், அப்பாவின் கட்சிச் செல்வாக்கில் நின்று வென்றிருந்தார் அம்மா. ‘ஆண்டவன் மீது ஆணையாக’ என்றும் பதவியேற்கலாம், ‘உளமார’ என்றும் பதவியேற்கலாம், சட்டத்துக்கு இரண்டும் ஒன்றே என்று அதிகாரி தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். வெள்ளிதோறும் அம்மன் கோயிலில் விளக்கேற்றும் அம்மா, குரல் நடுங்காமல் ‘உளமார’ என்றார்.

கறுப்புச் சட்டை அணிந்த உறுப்பினர் ஒருவர் உரக்கச் சிரித்தார். “இன்னாம்மா, எங்க பக்கம் வந்துட்டியா? கறுப்புத் துண்டு ஒண்ணு கொடுத்தனுப்பட்டுமா?”

“அதெல்லாம் இல்லண்ணா” என்று அம்மா தலைகுனிந்தபடி வந்து உட்கார்ந்தார்.

காரணம் எனக்குத் தெரியும். முந்தின நாள் மாலை, தறியில் உட்கார்ந்தபடியே அம்மா அப்பாவிடம் பேசியதை, பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டிருந்தேன்.

“சாயத்தண்ணி நிக்காம கால்வா கட்டித் தரோம்னு ஊட்டுக்கு ஊடு சொல்லிக்கினு வந்தீங்க. முடியுமா?”

“பாக்கலாம்.”

“நீ கையெழுத்து மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கறேன்றீங்க. நீங்க செய்யறதுக்கு நான் அம்மன் மேல ஆணை போட்டா, அது யார் தலையில விடியும்? எம்பொண்ணு தலையிலதான?”

எங்கள் தெருவில் ஆணை என்பது வாய்ப்பேச்சு அல்ல. நெய்யக் கொடுத்த பட்டில் எடை குறைந்து சந்தேகம் எழுந்தால், சந்தேகத்துக்கு ஆளானவர் அம்மன் முன் எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அதன் பிறகு யாரும் ஒரு சொல் கேட்கமாட்டார்கள், ஆனால் அவர் வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் “கற்பூரம் சும்மா வுடுமா” என்பார்கள். அதற்கு அஞ்சி, செய்யாத தவறுக்கும் நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு “கற்பூரம் வேணாம்பா” என்று ஒதுங்கியவர்கள் உண்டு. நடக்காது என்று தெரிந்த வாக்குறுதிக்கு ஆணை போடாமல் அம்மாவும் அப்படித்தான் ஒதுங்கினார்.

தெரு அதை அப்படிப் பார்க்கவில்லை. ஆடித் திருவிழாவில் அம்மனுக்குச் சாத்தும் புடவை எங்கள் வீட்டுத் தறியில்தான் வழக்கமாக நெய்யப்படும். மறு ஆடிக்காக அம்மா ஒரு வேளை மட்டும் உண்டு விரதமிருந்து, அரக்குச் சிவப்பில் பாதிவரை நெய்திருந்தார். கோயில் தர்மகர்த்தா, நான் பெரியப்பா என்று கூப்பிடுகிறவர், வந்து வாசலிலேயே நின்றார்.

“சபையில சாமி பேரு சொல்ல வாய் வரல. அந்தக் கையால அம்மனுக்குப் புடவையா? வேற தறியில சொல்லிட்டோம்மா.”

அம்மா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். காரணத்தைச் சொன்னால், கால்வாய் வராது என்பதையும், பதவி உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பதையும் வாசலில் நின்று சொன்னதாகிவிடும். அப்பா, “கட்சி ஆபீசுல கூப்டுறாங்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

“அம்மா டெய்லி கும்புடுது பெரியப்பா” என்றேன்.

“நீ உள்ள போம்மா” என்றார் அவர், கோபமில்லாமல்.

அந்தப் புடவையை அம்மா விரதம் கலையாமலே நெய்து முடித்து, தறியிலிருந்து அறுத்து, மடித்துப் பெட்டியில் வைத்தார். விற்கவில்லை, உடுத்தவும் இல்லை.

இப்போது அந்தக் கூட்ட அரங்கு இல்லை, நகராட்சி மாநகராட்சியாகிவிட்டது. பட்டை மின்னணுத் தராசில் நிறுக்கிறார்கள். கற்பூரம் அணைக்கச் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. சென்ற முறை பதவியேற்பு நிகழ்ச்சிக்குச் செய்தியாளராகப் போயிருந்தேன். பெரும்பாலோர் ‘ஆண்டவன் மீது ஆணையாக’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கைதட்டல் அடங்கும் முன்பே படம் எடுத்துக்கொள்ள நின்றார்கள்.

மழை பெய்தால் எங்கள் தெருவில் இன்றும் சாயத்தண்ணீர் நிற்கிறது. அம்மன் கோயில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆடி வெள்ளிகளில் அம்மா பேருந்தில் வெளியூரில் உள்ள மாகறல் கோயிலுக்குப் போய் வருகிறார்.