மிஷின் ரம்பம் வாங்கப் போன நாள்

அந்த வருஷங்களை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு ஆட்டம்தான். முன்னுக்கு ஒரு இழுப்பு, பின்னுக்கு ஒரு இழுப்பு. நீள ரம்பத்தின் ஒரு பிடி என் வீட்டுக்காரர் கையில், மறுபிடி என் கையில். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எந்தத் தோட்டத்தில் வேம்போ புளியோ பட்டுப்போனாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். அவர் இழுக்க நான் விட, நான் இழுக்க அவர் விட, கொஞ்ச நேரத்தில் யார் இழுக்கிறோம் என்பதே மறந்துபோகும். கண் திறந்தபடி இருக்கும், ஆனால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். மரத்தூள் வாசனையில் கனவுகூட வரும்.

அந்த இழுப்பு ஆகவே ஆகாது என்று சேலத்து டாக்டரம்மா சொன்னபோது எனக்கு ஏற்கெனவே இரண்டு தரம் கரு கலைந்திருந்தது. மூன்றாவது தரம் உண்டானதும், "மறுபடி ரம்பத்தைத் தொட்டுவிட்டு என்கிட்டே வராதே" என்று சத்தம் போட்டார். பஸ்ஸில் திரும்பி வந்து ஊருக்குள் இறங்கியதும் வீட்டுக்காரர், "மிஷின் ரம்பம் ஒண்ணு வாங்கிப்புடலாம் புள்ள. அதுக்கு ஒத்த ஆள் போதும்" என்றார்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் பக்கம் அதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. விசாரித்ததில் இரண்டு கிடைத்தன. சேலத்துக் கடையில் புதுசு ஒன்று, மலிவுத் தயாரிப்பு. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் பழசு ஒன்று, சீமைச் சரக்கு. விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் புதுசின் கட்சி. பின்னே என்ன? பிறந்ததிலிருந்து அக்கா கழித்த பாவாடை, சித்தி கழித்த சேலை. கல்யாணத்துக்கு வந்த பீரோகூட நாத்தனார் வீட்டில் பூட்டுப் போனது. ஒரு தடவையாவது அட்டைப்பெட்டியை நானே பிரித்து ஒரு பொருளை வெளியே எடுக்க வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. வேண்டாம் என்றவரை மிரட்டிவிட்டு நானும் கூடவே கிளம்பினேன்.

கடையில் அது செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தது. பச்சைக் கிளை ஒன்றை வைத்து அறுத்துக் காட்டினார்கள், சடசடவென்று துண்டாய் விழுந்தது. வீட்டுக்காரர் அந்தச் சிவப்பு மூடியை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். அவருக்கும் பிடித்துவிட்டது என்று அந்தத் தடவலிலேயே தெரிந்தது.

"அம்மிணிக்குப் புடிச்சுப் போச்சு, உங்களுக்கும் புடிச்சுப் போச்சு. அப்பறம் என்னுங்க ரோசனை?" என்றார் கடைக்காரர்.

இவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "ஏற்காட்டு மிஷினையும் ஒருக்காப் பாத்துப்போட்டு வாரேனுங்க."

எனக்கு வந்ததே கோபம்! மலை ஏறுகிற பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். ஆனால் மசக்கைத் தூக்கம் கோபத்தைவிடப் பெரியது. ஒவ்வொரு வளைவிலும் விழித்தேன், ஒவ்வொரு வளைவிலும் தூங்கினேன். ஒரு முழிப்பில் கீழே சேலம் முழுக்க வெயில், அடுத்த முழிப்பில் கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. மேகத்துக்குள் பஸ் போகிறதா, மேகம் எனக்குள் போகிறதா என்று புரியவில்லை.

தோட்டத்து மெக்கானிக் கொண்டுவந்து வைத்த மிஷினில் பெயிண்ட் என்பதே இல்லை. கைப்பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியிருந்தது. காய்ந்த பலாக்கட்டை மேல் வைத்து அறுத்தார், திணறாமல் ஒரே சத்தத்தில் உள்ளே இறங்கியது. லாரிக்காரர்கள் ஊரில் வளர்ந்தவள் நான், எஞ்சின் சத்தம் எனக்கும் கொஞ்சம் தெரியும். நல்ல மிஷின்தான். அதற்காக ஒத்துக்கொண்டுவிட முடியுமா?

"பழசு பழசுதானுங்களே" என்றேன்.

வீட்டுக்காரர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் விலை பேசி முடித்து, பழைய வேட்டியில் சுற்றி வாங்கிக்கொண்டார்.

இறங்குகிற பஸ்ஸில் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, என் தலையெழுத்தே பழசுலதான் கெடக்குதுங்களா? வாயும் வயிறுமா இருக்கறவ ஒரு ஆசையச் சொன்னா காதுலயே போட்டுக்க மாட்டீங்களா?"

அவர் மடியிலிருந்த மிஷினைச் சுற்றிய வேட்டியை இறுக்கி முடிந்தார்.

"எனக்கும் அந்தச் செவப்பு மேலதாம் புள்ள ஆச."

"அப்பறம் என்ன கெரகத்துக்குங்க இதை வாங்குனீங்க?"

"இது யாருக்குன்னு வாங்கறோம்? உள்ள இருக்கறதுக்குத்தான? அது பொறக்கறதுக்கு முந்தி அதுக்குன்னு புதுசு வாங்கலாமா? பொறக்கட்டும். எல்லாத்தையும் புதுசாவே வாங்கிக்கலாம்."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. பிள்ளை பிறக்கும் முன்னால் தொட்டிலோ சட்டையோ புதிதாக வாங்க மாட்டார்கள். பிறந்த பிறகும் முதலில் சுற்றுவது பழந்துணியில்தான். ஆனால் மரம் அறுக்கிற மிஷினுக்குப் போய் அதைப் பார்க்கிற மனுஷனை எந்த ஊரில் காண்பது! சிரிப்பதற்குத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. அது எனக்குத் தோன்றவே இல்லை. இதுவும் தங்காது என்று மனசுக்குள் நான் முடிவு கட்டியிருந்தேன். வராத பிள்ளைக்குப் புதுசென்ன பழசென்ன? அதனால்தான் எனக்குப் பயமே இல்லாமல் போயிருந்தது. பயந்தவர் அவர்தான். அது வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவரும் அவர்தான். இரண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்தோம், எனக்கு இதுகூடத் தெரியாமல்.

முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு அழுதேன். பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என் பக்கம் குனிந்து, "சித்த சும்மா இரு புள்ள, அது முழிச்சுக்கப் போகுது" என்றார்.

ஆவணியில் பிறந்த என் மகளை, பிறந்துவிட்ட பிள்ளை போலவே நினைத்து அவர் சொன்ன முதல் சொல் அதுதான்.