மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புகிற வீடு

ஃபேன் மாட்டுகிறவனுக்கு ஒரு நிம்மதி உண்டு, மாட்டினதும் சுத்தும். நாஸ் மாட்டுகிறவனுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது. வீட்டு வைஃபையில் போட்டோ, வீடியோ எல்லாம் சேர்த்து வைக்கிற ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குத்தான் நாஸ் என்று பெயர். இதே தொழிலில் சிக்கின பாவப்பட்ட ஜென்மங்களே, கோவில்பதாகை ஏரியாவில் ஒரு வீட்டில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

அஞ்சு நிமிஷ வேலை

ஃபேக்டரியில் ரிட்டையர் ஆன சார் வீடு. மகள் போன் தொலைந்துவிட்டதால், பேத்தி பிறந்ததிலிருந்து எடுத்த படமெல்லாம் சார் மனைவியின் போனில் மட்டும்தான் இருந்தது. அதுவும் நிரம்பி வழிந்தது. பெங்களூர் மாப்பிள்ளை ஆஃபரில் ஒரு பெட்டி வாங்கி அனுப்பினார். அதில் போட்டோ ஆல்பம் ஆப் ஓட, அதைத் தாங்குகிற கன்டெய்னர் என்கிற மென்பொருள் வேண்டும். ஆஃபர் பெட்டியாச்சே, அது கூடவே வராது. பொருத்தமான ஃபைலைத் தேடிப் பிடித்து, லேப்டாப்பின் கறுப்புத் திரையில் வரி வரியாகக் கட்டளை அடித்து நானே ஏற்ற வேண்டும். இரண்டாவது காபி வந்தபோது சார் எட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை அஞ்சு நிமிஷ வேலைன்னாரு. நீங்க இப்பதான் டைப்பிங் கத்துக்கிறீங்களா, தம்பி?"

ஒரு டீ குடித்த பாவம்

பாதி ஏறும்போது தெருமுனைக்கு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பெட்டி செத்துக் கிடக்கிறது. ஆளில்லாத ரூமில் விளக்கு மினுக்குவது சாருக்குப் பொறுக்கவில்லையாம், ஸ்விட்சை அணைத்துவிட்டார். ஃபேக்டரியில் பழகின பழக்கமாம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இதைத் திடீரென்று அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் சார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். நன்றாகத் தலையாட்டினார். அதற்குள் மண்ணூர்பேட்டையில் இருக்கிற எங்கள் கடையிலிருந்து என் பார்ட்னர் பாபு போன் பண்ணிவிட்டான்.

"இன்னா மச்சான், அங்கயே ஊடு பாத்துகினு குடியேறிட்டியா?"

திருத்தணி போய்வந்த பிறகு

ஒருவழியாகப் படமெல்லாம் பெட்டிக்குள் போனது. "இனிமே போன்ல இருக்கிறத அழிச்சிடு" என்று சார் தன் மனைவிக்கு உத்தரவு போட்டார். அடுத்த வாரம் குடும்பத்தோடு திருத்தணி போய்வந்தவர், பெட்டி எழுந்திருக்கவில்லை என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் டிஸ்க் டொக்கு டொக்கென்று தட்டுகிறது, உள்ளே இருந்ததெல்லாம் போச்சு. சார் பெட்டியைத் தொடவே இல்லையாம், சத்தியமாம். வெளியூர் போகிறோமே என்று வீட்டு மெயின் ஸ்விட்சை மட்டும்தான் அணைத்தாராம்.

"குழந்தை முதமுதல்ல நடந்தது அதுலதானே இருந்துச்சு" என்று சார் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி காபியை வைத்துவிட்டு, போனை எடுத்து அவரிடம் நீட்டினார். அதில் ஓடின வீடியோவில் பேத்தி நடந்துகொண்டிருந்தாள்.

"ஊருக்குப் போறப்ப நீங்க மெயினை அணைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் எதையும் அழிக்கல."

நாஸும் கன்டெய்னரும் நம்ம பிழைப்புக்கு, வீட்டுக்கு நிஜமான பேக்கப் புருஷனை நம்பாத பொண்டாட்டிதான்.