தரையில் பச்சை எண்ணெய்

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் கார் எழுந்திருக்க மாட்டேன் என்றது. கார் எங்கேயாவது எழுந்திருக்குமா என்று கேட்கலாம். எங்கள் கார் எழும். அது ஒரு பழைய பிரெஞ்சு கார். மற்ற கார்களுக்கு அடியில் இரும்பு ஸ்பிரிங் இருக்கும், இதற்குக் கிடையாது. பம்ப் ஒன்று பச்சை நிற எண்ணெயை அழுத்தி அனுப்ப, அந்த எண்ணெயின் பலத்தில்தான் மொத்த வண்டியும் நிற்கிறது. நிறுத்தி வைத்தால் மெல்லத் தரையோடு தாழ்ந்துவிடும். எஞ்சினை முடுக்கினால் மாடு எழுவதுபோல் முதலில் பின்பக்கம், அப்புறம் முன்பக்கம் என்று எழும். அன்று காலை எஞ்சின் ஓடியது, வண்டி மட்டும் கிடந்த இடத்திலேயே கிடந்தது. பம்ப் கடகடவென்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. குனிந்து பார்த்தால் போர்ச் சிமெண்டில் பச்சை எண்ணெய் குளம் கட்டியிருந்தது.

வந்த ஆத்திரத்தில் டயரை ஓங்கி உதைத்தேன். என் கால்தான் வலித்தது.

நான் குனோங் ராபாட்டில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். எனக்கு இந்தக் கார் தேவையே இல்லை. இது என் கணவருக்காக வாங்கியது. அவர் செம்பனை எண்ணெய் ஆலைக்குக் குலை ஏற்றிப்போகும் லாரி ஓட்டியவர். ஒரு மழை நாளில் குலைகளின் மேல் வலையை இழுத்துக் கட்டும்போது கால் வழுக்கி லாரி உச்சியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடி. பிழைத்தார். ஆனால் இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டால்தான் நிற்க முடியும், நடக்க முடியும். குலுங்கினால் வலி உயிர் போகும். ஒரு தடவை என் வேனில் சிம்பாங் பூலாய் வரைக்கும் கூட்டிப்போனேன். திரும்பி வருவதற்குள் அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். அதற்குப் பிறகு, பக்கத்துத் தெருவில் இருந்த சீனப் பெரியவர் ஆஸ்திரேலியாவுக்கு மகனோடு போகிறபோது விட்டுப்போன இந்தக் காரை வாங்கினோம். குழியில் இறங்கினாலும் மெத்தையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "பெசி புரோக்குக்கு போடற காடிய போயி வாங்கியிருக்கீங்களே லா" என்றார்கள். பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய வண்டியாம். அவர் முதுகு எவருக்கு வலித்தது?

இப்போது அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம். ஆயர் தாவார் மண்டபத்தில். என் நாத்தனாருக்கு இவர் ஒருவர்தான் அண்ணன், அந்தப் பெண்ணுக்கு இவர் ஒருவர்தான் தாய்மாமன். எங்கள் ஆட்களில் தாய்மாமன் கையைப் பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மணவறை ஏறுவாள். பங்காளி வீட்டு ஆள் யாராவது செய்யலாம்தான், ஆனால் மாமன் உயிரோடு இருக்கும்போது அப்படிச் செய்தால் ஊர் என்ன பேசும் என்று எனக்குத் தெரியும். நாத்தனார் தினமும் போன் செய்வாள். "அண்ணே, வந்துருவீங்கல்ல?" இவரும் தினமும், "வர்றேன் லா, வராம எங்க போறேன்" என்பார்.

முதலில் கார் பழுதுபார்க்கும் பெங்கெலுக்குத்தான் ஆள் அனுப்பினேன். போன வாரம் இதே காருக்கு பிரேக் பார்த்த போமேன், எங்கள் தமிழ்ப் பையன்தான், மோட்டார் சைக்கிளில் வந்து எட்டிப் பார்த்தார். "அக்கா, இதுக்கு சாமான் கெடைக்காது. பவர் ஸ்டேரிங் மினியாக் வாங்கி ஊத்துங்க, ஓடும்" என்றார். சிவப்பு எண்ணெய்! பச்சை எண்ணெய்க்கென்று செய்த ரப்பர் சீல்கள் சிவப்பு எண்ணெய் பட்டால் ஊறி உப்பிப் போகும், அப்புறம் ஒரு இடம் இல்லை, ஒன்பது இடத்தில் ஒழுகும். காரை விட்டுப்போன பெரியவர் என்னை மூன்று தடவை சொல்ல வைத்துக் கேட்ட பாடம் அது. "தம்பி, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றேன். அவர் போனார்.

ஊரில் எவனையும் நம்பிப் பிரயோசனம் இல்லை என்று முடிவு செய்து நானே இறங்கினேன். போனட்டைத் திறந்தால் உள்ளே எல்லாமே எண்ணெய்ப் பூச்சு. எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மண்ணெண்ணெயில் துணி நனைத்து ஹோஸ்களையும் பைப்புகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். காய்ந்த துணியால் இன்னொரு தடவை. பிறகு வெள்ளைப் பவுடரைத் தூவினால் ஈரம் வரும் இடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். வீட்டில் பவுடர் தீர்ந்திருந்தது. சாமி மாடத்தில் விபூதிப் பொட்டலம் இருந்தது. எடுத்து வந்து தாராளமாகத் தூவினேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சாமி துண்ணூற போயி அதுல கொட்டுறியே" என்றார்.

"கொட்டட்டும். சாமியும் கொஞ்சம் வேல செய்யட்டும்" என்றேன்.

எஞ்சினுக்கு விபூதி பூசிய கோலம் பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. திறந்திருந்த டின்னில் மிச்சமிருந்த எண்ணெயை ஊற்றிவிட்டுக் காத்திருந்தேன். பைப்புகள் எல்லாம் வெள்ளையாகவே இருந்தன. எண்ணெய் டாங்கியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸின் கழுத்தில் மட்டும் விபூதி கரைந்து பச்சைச் சேறாகியது. அந்த இடத்தில் ஹோஸை இறுக்கும் கிளிப்பைத் தொட்டால் விரலால் சுற்ற முடிகிறது. எண்ணெய் வெளியே கசிகிறது, எஞ்சின் ஓடும்போது அதே இடைவெளி வழியாகக் காற்றும் உள்ளே போகிறது. பம்ப் காற்றை இழுத்தால் வண்டி எப்படி எழும்? ஹோஸில் வெடிப்பு இல்லை, பைப்பில் ஓட்டை இல்லை. கிளிப்பின் திருகுத் தலையில் ஸ்குரூ டிரைவர் உரசிய கோடு புதிதாக மின்னியது.

பிரேக் பார்த்தவர்தான் கழற்றிவிட்டு மறந்திருக்கிறார்! வேறு யார்? கையைக்கூடக் கழுவாமல் வேனை எடுத்துக்கொண்டு பெங்கெலுக்குப் போனேன். நாலைந்து பேர் நின்ற இடத்தில் வைத்தே கேட்டேன். என்னவெல்லாம் கேட்டேன் என்பதை இங்கே எழுத முடியாது.

"பிரேக்கு டயர் பக்கம் இருக்குக்கா. அந்த ஹோஸ்ல நான் எதுக்கு கை வைக்கப் போறேன்?" என்றார் அவர், முகம் சிவந்து.

"பின்ன பேயா வந்து கழட்டுச்சி?"

அவர் திரும்பி, பாதியில் விட்ட வேலையில் குனிந்தார். அதையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கிளிப்பை இறுக்கினேன். கைவசம் இருந்த கடைசிப் பச்சை எண்ணெய் டின்னை உடைத்து ஊற்றினேன். எஞ்சினை முடுக்கினால், கொஞ்ச நேரம் இருமிவிட்டு, பின்பக்கம் எழுந்தது, முன்பக்கம் எழுந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா!" என்று திரும்பினேன். அவர் "ம்" என்றார். முதுகு வலிக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று வண்டிக்கடியில் ஒரு தகரத் தட்டை வைத்துவிட்டு கேட்டைப் பூட்டினேன்.

மறுநாள் காலை தட்டு நிறைய பச்சை எண்ணெய்.

கிளிப் மறுபடியும் கழன்றிருந்தது. கார் ஓர் அடி நகரவில்லை. கேட்டில் பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. பெங்கெல்காரர் வரவில்லை, பேயும் வரவில்லை. அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர், அதில் ஒருத்தி நான். தினமும் எழுந்ததும் "வண்டி எப்டி இருக்கு?" என்று கேட்கிற மனுஷன் அன்று கேட்கவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். கைலி ஓரத்தில் பச்சைக் கறை.

"ஏங்க, நீங்கதானே?"

அவர் கோப்பையையே பார்த்தார்.

"ரெண்டு நாளா நான் எண்ணெயில பொரண்டுகிட்டு கெடக்கேன். அந்தத் தம்பிய நாலு பேரு முன்னால கேவலப்படுத்திட்டு வந்திருக்கேன். நீங்க குந்திக்கிட்டு வேடிக்கை பாக்கறீங்க. ஒங்க தங்கச்சிகிட்ட வர்றேன் வர்றேன்னு சொல்றது, இங்க வந்து கிளிப்ப கழட்டுறது. என்னா மனுஷன் நீங்க?"

கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "பொண்ணு கையப் புடிச்சி கூட்டிட்டுப் போவணும். நா ரெண்டு கையாலயும் இந்தக் கம்பியப் புடிச்சாத்தான் நிக்க முடியுது. எந்தக் கையால அவ கையப் புடிக்கிறது, நீயே சொல்லு."

பாவம் என்று மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இன்னும் எரிந்தது. "இத சொல்ல ஒரு வாயி இல்ல. வண்டிமேல சாஞ்சிகிட்டு கிளிப்ப கழட்ட மட்டும் கை இருந்திச்சா?" என்றேன்.

"எல்லாரும் என்னயே பாப்பாங்க லா."

"பொண்ணுதான் பட்டுல வர்றா. அவள விட்டுட்டு ஒங்கள யாரு பாக்கப் போறா?"

நான் வெளியே போனேன். தட்டில் விழுந்த எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டி டாங்கியிலேயே ஊற்றினேன். கிளிப்பை இறுக்கினேன். ஸ்குரூ டிரைவரை நான் ஒளித்து வைக்கவில்லை. அவர் கண்ணில் படுகிற மாதிரி சாப்பாட்டு மேசைமேலேயே வைத்தேன். கழற்றுவதாக இருந்தால் கழற்றட்டும், இனி நான் கேட்கப் போவதில்லை என்ற வீம்பு. பெங்கெலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். அந்தக் கோபமும் இவர்மேல்தான் வந்தது.

மற்ற நாள்களில் தட்டில் ஒரு சொட்டு விழவில்லை. கல்யாணத்தன்று நான் புடவை கட்டி முடிப்பதற்குள் அவரே போய்க் காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

ஆயர் தாவாருக்கு லூமுட் போகிற சாலையில்தான் போக வேண்டும். செம்பனை லாரிகள் கடித்துத் தின்ற குழிகளில் கார் மெத்தென்று இறங்கி ஏறியது. மண்டபத்தில் மணப்பெண்ணை அழைக்கும் நேரம் வந்தது. அவள் மாமனின் இரண்டு கைகளையும் பார்த்தாள். அவை வாக்கரை விடவில்லை. எதுவும் கேட்காமல், மருதாணிக் கையால் வாக்கரின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நடந்தார்கள். அவர் கம்பியைத் தூக்கி வைக்க, அவள் ஓர் எட்டு வைக்க, மறுபடி தூக்கி வைக்க. நாதஸ்வரக்காரர் ஒரு பாட்டை முடித்துவிட்டு, இவர்கள் இன்னும் பாதி வழியில் நிற்பதைப் பார்த்து அதே பாட்டைத் திரும்பத் தொடங்கினார்.

எல்லாரும் பார்த்தார்கள். பெண்ணை இல்லை, அவரைத்தான் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் ஒரு பெண்பிள்ளை, "பாவம் லா, இந்த நெலமையில எதுக்கு இந்த மனுஷன இழுத்தாந்தாங்க?" என்றாள். மெதுவாகச் சொல்வதாக அவள் நினைப்பு. வாக்கர் நின்றுவிட்டது. அவர் காதில் விழுந்துவிட்டது என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் பயந்ததில் பொய்யில்லை. பொய் சொன்னவள் நான்தான்.

நான் திரும்பினேன். "அவரு தாய்மாமன். பாக்க கண்ணு கூசுனா வெளிய போயி நில்லுங்க" என்றேன். நாதஸ்வரத்தையும் மீறி என் குரல் கேட்டிருக்க வேண்டும், முன்வரிசைவரை தலைகள் திரும்பின. நான் மறுபடி முன்பக்கம் பார்த்தபோது வாக்கர் நகர்ந்துகொண்டிருந்தது. அவளை மணவறையில் ஏற்றிவிட்டுத்தான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டை முழுக்க வியர்வை. வலியை மறைக்க உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது ஊர் எல்லை தாண்டியதும் அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"அந்தக் கிளிப்ப புதுசா மாத்திடு. அடிக்கடி திருகி பல்லு தேஞ்சிருக்கும். தல தீபாவளிக்கு நாமளும் வரணும்னு மாப்ள கேட்டுருக்காரு."

அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, காரை நிறுத்தி இறக்கிவிட வேண்டும் போலவும் இருந்தது. "வாங்கித் தர்றேன். திருகுறது நீங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.