யாருடைய பெயரை முதலில் எழுதுவது?

கொழும்பு வெள்ளவத்தையில், கனடாவில் குடியேற விண்ணப்பிக்கிற ஃபோம் நிரப்பிக் கொடுக்கிறவனுக்கு டொக்டருக்குக் கிடைக்கிற மரியாதையும் கிடைக்கும், டொக்டருக்கு விழுகிற ஏச்சும் விழும். சண்டைக் காலத்தில் வெளிநாட்டுக்கு டெலிபோன் எடுக்கிற ஒரு கொமினிகேஷன் கடையின் பின்பக்கம் மேசை போட்டு நானும் அந்தத் தொழில் செய்தனான். வயது, படிப்பு, வேலை, இங்கிலீஷ் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. கூட்டிப் பார்த்துப் புள்ளி போதாமல், காணாமல் போனால் அனுப்பியும் பிரயோசனமில்லை. நீங்களும் ஒரு ஃபோமுக்கு முன்னால் பேனையைக் கடித்துக்கொண்டு இருந்தவரென்றால் என் பாடு விளங்கும்.

எந்த வேலைக்குப் புள்ளி கூட?

சிவபாலன் அண்ணை யாழ்ப்பாணத்தில் ஒரு தொழிற்சாலையில் பிளான் வரைகிற டிராஃப்ட்ஸ்மனாக இருந்தவர். கொழும்புக்கு வந்தபிறகு, தமிழரைச் சுற்றிவளைக்கிற ரவுண்டப்பில் பொலிஸ் இரண்டு தரம் பிடித்துக்கொண்டு போனது. மூன்றாந்தரம் போனால் திரும்பி வருவாரோ என்ற பயம் அவருக்கும் மனைவிக்கும். வயது நாற்பத்துநாலு, சுணங்கினால் வயதுப் புள்ளியும் இறங்கத் தொடங்கும்.

வேலைப் பட்டியலை நீட்டினேன். தன் தொழிலை விட்டுவிட்டுச் சமையல்காரருக்கு எவ்வளவு என்று பார்த்தார். அதற்குத்தான் கூட. "அண்ணை, சமைப்பீங்களோ?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி, அக்கா, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா.

"புள்ளி தருவினமெண்டால், தம்பி, நான் இண்டைக்கே உலை வைக்கிறன்."

கடிதம் தர ஆளில்லை

பொய் எழுதமாட்டேன் என்று டிராஃப்ட்ஸ்மன் என்றே எழுதினேன். செய்த வேலைக்கு நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். தொழிற்சாலை ஷெல் விழுந்து போய்விட்டது. மனேஜர் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. அனுபவப் புள்ளியை விட்டுக் கூட்டினேன். ஆறு குறைந்தது. திரும்பவும் கூட்டினேன், கூடவா போகிறது? நானே களவெடுத்த மாதிரி வெட்கமாக இருந்தது.

"பதினாறு வருஷம் வேலை செய்தனான், தம்பி. அதுக்கு இப்ப சாட்சி நான் மட்டும்தான்."

பக்கத்துக் கதிரை

மூன்றாம் நாள், மனைவியின் தொழில் என்ற இடத்தில் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதப் போனேன். எங்கடை ஆக்களின் கை அப்படித்தான் போகும்: விண்ணப்பிக்கிறவர் கணவன், கூடப் போகிறவ மனைவி. அக்கா கையை நீட்டி மறித்தா. "மூண்டு நாளா உங்களுக்கு முன்னால இருக்கிறன், தம்பி. வேலையால நேரா வாறன். ஒருக்காவும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை."

அவ பொரளையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். வயது முப்பத்தாறு. கடிதம் நாளைக்கே எடுக்கலாம். புதுத் தாளில் அவவின் பெயரை முதலில் எழுதிக் கூட்டினேன். புள்ளி தாராளமாகக் காணும். அண்ணையின் முகம் கறுத்துப் போச்சு. மனிசியின்ர பேரில கனடா போறான் என்று சனம் கதைக்காதோ என்றார்.

"கதைக்கிற சனம் கதைக்கட்டும். நீங்கள் உயிரோட இருந்து கேளுங்கோ" என்றா அக்கா.

விசா வந்த நாள்

ஒன்றரை வருஷத்தில் வந்தது. அண்ணை கேக் பெட்டியோடு வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது; மறைக்க வேண்டி, "இனி அக்காவுக்குப் பின்னாலதான் நடக்கவேணும், அண்ணை" என்று பகிடி விட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கொழும்பில தமிழ்ச் சனம் வீட்டாக்களின்ர பேரைப் பொலிசில பதியவேணுமே, அதில என்ர பேர்தான், தம்பி, முதல். அந்தப் பேரைக் கூப்பிட்டுத்தான் ரெண்டு தரமும் கொண்டுபோனவங்கள். இதில நான் ரெண்டாவதா இருந்திட்டுப் போறன்."

அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதல் கேள்வியை மனைவியிடம் கேட்டேன். அதற்கு முன்னம் எத்தனை குடும்பத்தைத் தலைகீழாக எழுதி அனுப்பினேன் என்று கூட்டிப் பார்க்க மட்டும் இன்றுவரை துணிவில்லை.