உருமாவில் கட்டிய கேமரா

சிவபாண்டிக்கு நாற்பத்து நான்கு வயது. விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு அறை வாடகை வீடு. முன்அறை முழுக்க அவனுடைய கட்டில்தான். கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் கூரைத் தகடு மாற்ற மேலே ஏற்றினார்கள். இடுப்பில் கட்டக் கயிறு கொடுக்கவில்லை. விழுந்தான். முதுகுத்தண்டு போயிற்று. கை, தலை, வாய் எல்லாம் நன்றாக வேலை செய்கின்றன. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. வழக்கு, நஷ்டஈடு பற்றிச் சங்கத்துக்காரனாக நான் பேச வேண்டியதைப் பேசியாயிற்று. இங்கே அது வேண்டாம்.

விழுந்தது அவன் ஒருவன். கட்டிலோடு கட்டுப்பட்டது இரண்டு பேர். மனைவி முத்துச்செல்வி இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வரும். மூத்திரப் பையை மாற்ற வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போனாலும் போனைக் கையில் பிடித்துக்கொண்டேதான் போவாள். ஆலையில் வேலை பார்ப்பவன் வார லீவுக்குக் கொடி பிடிக்கலாம். கட்டில் பக்கத்தில் வேலை பார்ப்பவள் யார் வாசலில் போய்க் கோஷம் போடுவாள்? எந்தச் சங்கமும் அவளைக் கணக்கில் எடுத்ததில்லை, எங்கள் சங்கம் உட்பட.

வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் சத்யப்ரியாதான் அந்த விஆர் கண்ணாடியைக் கொண்டுவந்தாள்.

"என்ன பாப்பா இது, வெல்டிங் கண்ணாடி கணக்கா இருக்கு?" என்றான் சிவபாண்டி.

"மாட்டிப் பாருங்கண்ணே. தலையத் திருப்புற பக்கமெல்லாம் படம் தெரியும்."

முதல் நாள் கடலைக் காட்டினாள். கொஞ்ச நேரத்தில், "ஏத்தா, கழட்டு கழட்டு, குமட்டுது" என்று கத்தினான். கண்துடைப்பு வேலை என்று நான் நினைத்தேன். அந்தக் கண்ணாடி புண்ணை ஆற்றாது, ஆளைப் புரட்டாது, வாடகை கட்டாது. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சத்யப்ரியா விடவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினாள். என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, சுற்றிலும் படம் பிடிக்கும் சின்னக் கேமராவில் எடுத்து வந்தாள். சிவபாண்டி உசிலம்பட்டி மாட்டுச்சந்தையைக் கேட்டான். முத்துச்செல்வி கேட்டது டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்.

"எங்க இறங்கணும்கா?" என்றாள் சத்யப்ரியா.

"இறங்கவே வேணாம் தாயி. போய்க்கிட்டே இருந்தாப் போதும்."

அவன் தூங்கும்போது அவள் கட்டில் காலில் சாய்ந்து அதை மாட்டிக்கொள்வாள். குக்கர் விசில் வந்ததும் கழற்றிவிட்டு எழுந்திருப்பாள். மூஞ்சி கொஞ்சம் தெளிவாக இருக்கும். நான் பார்த்தவரை அவ்வளவுதான் நடந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் காதுகுத்து வந்தது. சிவபாண்டியின் ஒரே தங்கை சரண்யாதேவி. அவளுடைய மகளுக்குக் காது குத்த வேண்டும். எங்கள் பக்கம் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். அதுவும் மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி கோயிலில், உசிலம்பட்டிக்கு மேற்கே காட்டுக்குள். பிள்ளைக்கு மூன்று வயது முடியப்போகிறது. ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும். இதை விட்டால் ஐந்தில்தான். சிவபாண்டியை வேனில் தூக்கிப்போகலாம் என்றார்கள். முந்தின தடவை ஆம்புலன்சில் ஆஸ்பத்திரி போய் வந்ததில் பட்ட புண் ஆற மாசக்கணக்கானது. டாக்டர் கண்டிப்பாகக் கூடாது என்றுவிட்டார்.

சித்தப்பா மகன் உக்கிரபாண்டி நேரே வந்து கேட்டான். "அண்ணே, நான் ஒக்காந்துக்கிறேன். நானும் மாமன் மொறதானே?"

"நீ ஒக்காந்தா நான் யாருடா? செத்துட்டேனா?"

"அதுக்கில்லண்ணே..."

"கூடப் பெறந்தவன் நான் ஒருத்தன். நான் உசுரோட கெடக்கயில அடுத்தவன் மடியில எம் மருமக ஒக்காரக் கூடாது."

இரண்டு வாரம் பேச்சு நின்றது. சரண்யாதேவி போனில் அழுதாள். அவளுடைய நாத்தனார் மாயக்காள் அழுகிற ரகம் இல்லை. "கொழுந்தனாரே, உங்க ரோசத்துக்குப் புள்ள வெறுங்காதோட திரியணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

வழி சொன்னது சத்யப்ரியா. தாய்மாமனுக்குக் கட்டும் தலைப்பாகையை எங்கள் பக்கம் உருமா என்போம். உட்காருகிறவன் உருமாவில், நெற்றிக்கு மேலே, கேமராவைக் கட்டிவிடலாம். சிவபாண்டி இங்கே கண்ணாடி மாட்டிக்கொள்வான். அங்கே நடப்பது போன் வழியாக அப்போதே அதில் வரும். குனிந்தால் மடியில் பிள்ளை தெரியும்.

உக்கிரபாண்டிக்குச் சுருக்கென்றது. "அப்ப ஒக்கார்றது நானு, மாமன் அவரு. நான் என்ன ஸ்டாண்டா?"

"ஆமாடா, ஸ்டாண்டுதான். முடியுமா, முடியாதா?" என்றான் சிவபாண்டி.

கொஞ்ச நேரம் முறைத்தான். பிறகு, "சரி, கட்டித் தொலைங்க. ஆனா கறிச்சோறு எனக்குத்தான். அது கேமராவுல ஏறாது" என்றான்.

மாமன் வீட்டுச் சீரை மாமன் மனைவி கொண்டுபோக வேண்டும். முத்துச்செல்வி மாட்டேன் என்றாள். "இவர யாரு பாக்குறது?"

"நான் இருக்கேன்மா" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்புக்கு எங்கே கை கொடுக்க வேண்டும், தலையணையை எங்கே செருக வேண்டும் என்று சொல்லி, புரட்டிக் காட்டச் சொன்னாள். "அண்ணே, மேடையில பேசுற வேகம் வேணாம். மெதுவா." மறுபடியும் செய்யச் சொன்னாள். தேறிய பிறகுதான் சேலை எடுத்து வைத்தாள்.

காதுகுத்து அன்று காலையில் சிவபாண்டி வேட்டி சட்டை போட்டுக்கொண்டான். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, சாய்த்து உட்கார வைத்தேன். கண்ணாடியை மாட்டினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு நெஞ்சுப் பக்கம் வைத்தேன். சத்தம் போனில் முந்தி வரும், படம் கொஞ்சம் பிந்தி வரும் என்று சத்யப்ரியா கோயிலிலிருந்து சொன்னாள். டவர் கிடைக்கும் இடமாகப் பார்த்து ஜமுக்காளம் விரித்திருந்தார்களாம்.

"வந்திருச்சு தோழர்" என்றான். "செல்வி தட்டோட நிக்கிறா. பச்சைச் சேலை." குனிந்தான். "இந்தா, பிள்ள ஒக்காந்துருச்சு. அடி கழுதை, எம்புட்டு முடி!" ஆசாரி ஊசியைத் துடைப்பதைச் சொன்னான்.

போனில் குலவைச் சத்தம். மாயக்காள் குரல் பக்கத்தில் கேட்டது. "இருங்க இருங்க. மாமனுக்கு சந்தனம் வைக்காம எப்படிக் குத்துறது?"

"மதினி ஏதோ கையில எடுத்துக்கிட்டு வர்றாங்க" என்றான் சிவபாண்டி. உடனே கத்தினான். "ஏ மதினி! மதினி! கண்ணு!"

உக்கிரபாண்டி நெற்றியில் வைக்க மாயக்காளுக்கு மனசு வரவில்லையாம். அன்றைக்கு மாமன் அவன் இல்லையே. மாமனுடைய முகம் அந்தக் கேமராதான் என்று, அதற்கே கட்டை விரலால் அழுத்திச் சந்தனம் பூசி, மேலே குங்குமமும் வைத்துவிட்டாள்.

"முன்னால பூராம் மஞ்சளா இருக்கு தோழர். ஒண்ணும் தெரியல." தலையைப் பின்னால் திருப்பினான். "பின்னாடி தெரியுது. புளியமரம் தெரியுது. ஒரு ஆடு நிக்குது. ஆட்டயா பாக்க வந்தேன்?"

அதற்குள் போனில் பிள்ளை வீறிட்டது. ஒரு காது முடிந்துவிட்டது.

சிவபாண்டியின் கை இரண்டும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தன.

போனில் உக்கிரபாண்டி குரல்தான் முதலில் வந்தது. "ஆசாரி, கைய எடுங்க. அண்ணனுக்குத் தெரியல. மதினி, என்னத்தப் பண்ணித் தொலைச்ச?"

"மாமனுக்குச் சந்தனம் வச்சது ஒரு குத்தமா?"

"கண்ணுல வச்சா?"

"யேய், அது நெத்தின்னு நெனச்சேன்டா!"

"நல்ல நேரம் போகுதுய்யா" என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். உக்கிரபாண்டி விடவில்லை. "போகட்டும். இன்னொரு காது இருக்கு. எங்கண்ணன் பாக்காம நான் பிள்ளயப் பிடிக்க மாட்டேன். தண்ணி கொண்டாங்க." சத்யப்ரியா சேலை முந்தானையை நனைத்துத் துடைத்தாள். முதலில் மங்கல்தான் வந்தது. மறுபடி துடைத்தாள்.

"தெரியுது" என்றான் சிவபாண்டி. "அழுகுது தோழர். டேய் தம்பி, பிள்ள தலையப் பிடி. அப்படி இல்ல, தாடைக்குக் கை குடு." சொல்லிக்கொண்டே தன் கைகளை முன்னால் நீட்டி வளைத்துப் பிடித்தான். அங்கே உக்கிரபாண்டி எப்படிப் பிடித்தானோ, இவனும் அப்படியே. போனில் மறுபடி அழுகை. கொஞ்சம் பொறுத்து சிவபாண்டி மூச்சு விட்டான். "குத்தியாச்சு."

மைக்கில் சத்தமாக அறிவித்தார்கள். "தாய்மாமன் சிவபாண்டி மடியில் காதுகுத்து நிறைவேறியது." அறிவிக்கச் சொன்னது மாயக்காள்.

உக்கிரபாண்டி திடீரென்று கத்தினான். "அய்யய்ய! அண்ணே, மடியில ஒண்ணுக்குப் போயிருச்சுண்ணே!"

"எனக்கு ஒண்ணும் தெரியலயேடா."

"ஒனக்கு எப்படித் தெரியும்? ஒனக்குத்தான் இடுப்புக்குக் கீழ..." சொன்னவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். இங்கே சிவபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். கண்ணாடி ஆடியது. அப்புறம்தான் அங்கேயும் சிரிப்புக் கேட்டது.

முத்துச்செல்வி போனை வாங்கினாள். "அண்ணே, புரட்டுற நேரம் தாண்டிருச்சு. புரட்டியாச்சா?"

நான் எழுந்து அவன் தோளில் கை வைத்தேன்.

"தோழர், இப்பப் புரட்டாதீங்க" என்றான். இரண்டு கையையும் இன்னும் வளைத்துத்தான் வைத்திருந்தான். "பிள்ள மடியில இருக்கு."

புரட்டுகிற விஷயத்தில் முத்துச்செல்வி யாருக்கும் சலுகை காட்டியதில்லை.

"சரிண்ணே" என்றாள். "பிள்ள எறங்கவும் புரட்டிருங்க."