நூல் பிசிறு என்று நினைத்த புழு

ஆம்பூர் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள் நான். வீடு திரும்பும்போது சேலையெல்லாம் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். அதோடுதான் மொட்டை மாடித் தொட்டியில் என் கோய் அலங்கார மீன்களுக்குத் தீனி போடுவேன். அதனால் ஒரு மீனின் விலாவில் வெள்ளையாக நூல் தொங்கியபோது, என் சேலைப் பிசிறுதான் என்று நினைத்தேன். நூல் பிடுங்கும் இடுக்கியால் வெடுக்கென்று இழுத்தேன். பாதி அறுந்து வந்தது. மீதி உள்ளேயே நின்று சீழ் பிடித்தது.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் பார்த்ததுமே சொன்னார்: "நூலு இல்லம்மா, புழு. தல சதைக்குள்ள கொக்கி மாதிரி மாட்டிக்கினு இருக்கும். புதுசா மீனு எதுனா உட்டியா?"

விட்டிருந்தேன். கீழ் வீட்டில் இருக்கும் என் கொழுந்தன் பெண்டாட்டி கொடுத்த தங்கமீன்கள். போய்க் கேட்டால் சிரிக்கிறாள்.

"எங்க தொட்டியிலயும் அதேதான்க்கா. செத்து நாறப்போவுதேன்னுதான் உன்கிட்ட தள்ளி உட்டேன்."

அடிப்பாவி! அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் கிடக்கிறது.

மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. கடைசியில் மிஞ்சியது ஆரஞ்சு மட்டும். விரல் நீளத்தில் வாங்கி, முழங்கை அளவுக்கு வளர்த்த மீன். அதையாவது விடக் கூடாது என்று, ஈரத்துணியில் கிடத்தி, புழுவின் அடியைப் பிடித்து மெல்ல மெல்ல உருவினேன். வாரா வாரம் கடைக்காரர் சொன்ன மருந்தை ஊற்றினேன். பிடுங்கிய புழுவை நசுக்கிப் போட கை துறுதுறுத்தது. ஆனால் நசுக்கவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊறுகாய் பாட்டிலில் சேர்த்து வைத்தேன்.

ஆரஞ்சு பிழைத்தது. கொழுந்தன் பெண்டாட்டி கீழே தன் ஹாலில் புதிதாகப் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டிருந்தாள். மாடி ஏறி வந்து என்னிடம் கேட்கிறாள்: "அந்த ஆரஞ்சைக் குடுக்கா. ஹாலுக்கு லட்சணமா இருக்கும்."

"நீ போ, எடுத்தாறேன்" என்றேன்.

நான் கீழே போனபோது எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாட்டிலைத் தொட்டி மேல் வைத்தேன்.

"இன்னாக்கா இது?"

"நீ என் தொட்டியில தள்ளி உட்டது. உன்னுது உன்கிட்டயே இருக்கட்டும்."

அவள் மாமியார், எனக்கும் அவர்தான் மாமியார், பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பார்த்துவிட்டுக் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் வயிறு குளிர்ந்தது.

மாடிக்கு வந்து ஆரஞ்சுக்குத் தீனி போட்டேன். அவள்மேல் பாவம் பார்த்திருக்கலாமே என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். அதன் விலாவில் இருக்கும் தழும்பைப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.